சாக்ஸபோனை நம்பி வேலையை விடலாமா?

குடியாத்தத்திலிருந்து 23 வயது வாசகர் ஒருவர் நாலு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்பது அவர் விருப்பம். கடிதத்தின் சாரம் இது.

தாத்தா நாதஸ்வரம், அப்பா தவில். இவர் தாத்தாவிடம் நாலு வருஷம் நாதஸ்வரம் படித்துவிட்டு, ஆறு வருஷமாக சாக்ஸபோன் வாசிக்கிறார். சாக்ஸபோனுக்குக் குரு இல்லை, வீடியோ பார்த்தே பழகியது. பி.காம். முடித்து ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்குப் பிரிவு வேலை. கையில் 16,500 வருகிறது. போன வருஷம் 30 கல்யாணம் வாசித்தார், ஒன்றுக்கு 3,500. கைவசம் 12 கிருதி, 60 சினிமாப் பாட்டு. வேலையை விட்டுவிட்டு கச்சேரி வித்வானாகவும் வாத்தியாராகவும் ஆக வேண்டும் என்கிறார். அதற்காக 2,40,000 ரூபாய்க்குப் புது ஆல்டோ சாக்ஸபோனைக் கடனில் வாங்கவும், ஒரு தனியார் பயிற்சி மையத்தில் 45,000 கட்டி ஆறு மாத ‘அரசு அங்கீகார டிப்ளமா’வில் சேரவும் யோசனை. ‘கிளாசிக்கல் சாக்ஸபோன்’ படித்தால் வெளிநாட்டு ஆர்க்கெஸ்ட்ராவில் சேரலாம் என்று நண்பர் சொன்னாராம். அப்பாவோ, “நாதஸ்வரத்துக்கே திரும்பி வா, கோயில் வேலைக்காவது ஆகும்” என்கிறார். கூடவே மூன்று சின்னக் குறிப்பு: கச்சேரியில் அரை மணி கழித்து சுருதி ஏறிவிடுகிறது, வலது கட்டைவிரல் வலிக்கிறது, 17 வயதுத் தம்பியும் சாக்ஸபோன் வாசிக்கிறான்.

அன்புள்ள குடியாத்தம் வாசகருக்கு,

முதலில் அந்த ஆர்க்கெஸ்ட்ரா கனவைக் கழித்துவிடலாம். வெளிநாட்டுக் கல்லூரிகள் ‘கிளாசிக்கல் சாக்ஸபோன்’ என்று சொல்வது மேற்கத்திய செவ்வியல் இசையை. அடால்ஃப் சாக்ஸ் இந்த வாத்தியத்துக்குப் பாரிஸில் காப்புரிமை வாங்கியது 1846-ல். அதற்குள் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவின் அமைப்பு ஏறக்குறைய முடிவாகிவிட்டது. இன்றும் அங்கே சாக்ஸபோனுக்கு நிரந்தர நாற்காலி கிடையாது. ராவெலின் ‘பொலேரோ’ மாதிரி சில படைப்புகளுக்கு மட்டும் ஆளைக் கூப்பிடுவார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கே பிழைப்பு பெரும்பாலும் கற்பித்தலிலும் ராணுவ பேண்டிலும்தான். ஸ்டாஃப் நொட்டேஷன், அதாவது ஐந்து கோட்டில் எழுதும் மேற்கத்திய இசைக் குறிப்பு, படிக்கத் தெரியாத நீங்கள் அந்த வரிசையில் கடைசியில் போய் நிற்க வேண்டாம்.

உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் உதாரணம், சாக்ஸபோனில் கர்நாடக சங்கீதம் வாசித்த கத்ரி கோபால்நாத். அவர் அப்பாவும் நாதஸ்வரக்காரர்தான். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கி அதை எடுத்தவர், மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடம் படித்துவிட்டு சென்னைக்கு வந்து டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் சேர்ந்தார். 1994-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பி.பி.சி. புரோம்ஸ் மேடை, 2004-ல் பத்மஸ்ரீ எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. டி.வி.ஜி. சாக்ஸபோன் வாசிப்பவர் அல்ல, பாட்டும் மிருதங்கமும் தெரிந்த வித்வான். கத்ரி அவரிடம் கற்றது கர்நாடக சங்கீதத்தை. உங்களுக்கும் இப்போது குறைவது அதுதான், புது வாத்தியம் இல்லை. பன்னிரண்டு கிருதியோடு ஒரு மணி நேரக் கச்சேரியை ஒப்பேற்றிவிடலாம். அதே சபா மறு வருஷம் கூப்பிட்டால் என்ன வாசிப்பீர்கள்?

டிப்ளமா விவகாரம்

45,000-ஐ யாரிடமும் கொடுக்காதீர்கள். ‘அரசு அங்கீகாரம்’ என்று பலகையில் எழுதியிருப்பதற்கும், அரசு வேலைக்கு அந்தச் சான்றிதழ் செல்லுவதற்கும் சம்பந்தமில்லை. ‘எந்தப் பல்கலைக்கழகம் அல்லது எந்தத் துறை சான்றிதழில் கையெழுத்திடுகிறது? எந்த அரசாணையின்படி எந்தப் பணிக்குத் தகுதி?’ என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் பதில் வராது.

கலை பண்பாட்டுத் துறையின் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, தேவாரம், நாதஸ்வரம், தவில், வயலின், மிருதங்கம், பரதம் என்று ஏழு பிரிவுகள். சாக்ஸபோன் அதில் இல்லை, எனவே சாக்ஸபோன் ஆசிரியர் பணியிடமும் இல்லை. அறநிலையத் துறைக் கோயில்களிலும் பணியிடம் நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும்தான். அதற்கு இசைப்பள்ளிச் சான்றிதழ் கேட்பார்கள். ஆகவே உங்கள் அப்பா சொல்வதைப் பழங்காலப் பேச்சு என்று தள்ளாதீர்கள். மேடையில் கைதட்டு வாங்கித் தருவது சாக்ஸபோனாக இருக்கலாம், சம்பளப் பட்டியலில் பெயர் ஏற்றுவது நாதஸ்வரம். திருவண்ணாமலை, காஞ்சிபுரம் இரண்டு ஊரிலும் அரசு இசைப்பள்ளி உண்டு. மூன்று வருஷம், பகல் வகுப்பு, வயது உச்சவரம்பு 25. உங்களுக்கு 23. போவதானால் இந்த வருஷமோ அடுத்த வருஷமோ முடிவு செய்தாக வேண்டும். வேலையை விட ஒரு நியாயமான காரணம் உங்கள் கடிதத்தில் உண்டென்றால் இது ஒன்றுதான். ஆனால் அதை நீங்கள் கேட்கவே இல்லை!

மத்திய அரசின் சி.சி.ஆர்.டி. (கலாசார வளங்கள், பயிற்சி மையம்) தரும் இளம் கலைஞர் உதவித்தொகையையும் பாருங்கள். வயது 18 முதல் 25 வரை, மாதம் 5,000 வீதம் இரண்டு வருஷம். ஐந்து வருஷமாவது குருவிடம் பயின்றிருக்க வேண்டும். தாத்தாவிடம் படித்த நாலு வருஷத்தோடு இன்னும் ஒரு வருஷம் சேர்ந்தால் கணக்குச் சரியாகும். நாதஸ்வரப் பிரிவில் போடுவதே உங்களுக்குப் பலம்.

ட்ரினிட்டி, ஏ.பி.ஆர்.எஸ்.எம். என்ற லண்டன் அமைப்புகளின் இசை கிரேடு தேர்வுகள் வேறு விஷயம். அவை அரசு வேலைக்கு ஆகாது. ஆனால் இன்டர்நேஷனல் பள்ளிகளில் பேண்டு வாத்தியாராகப் போக ஐந்தாம் கிரேடு, எட்டாம் கிரேடு என்றால் மதிப்பு உண்டு. ஏ.பி.ஆர்.எஸ்.எம்.மில் ஆறாம் கிரேடுக்கும் அதற்கு மேலும் போக ஐந்தாம் கிரேடு தியரியைத் தாண்ட வேண்டும், ட்ரினிட்டியில் அந்தக் கட்டாயம் இல்லை.

கோளாறு வாத்தியத்திலா, உதட்டிலா?

சுருதி ஏறுகிறது, வயலின்காரர் முறைக்கிறார், அதனால் புது யமஹா வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் இருப்பதும் யமஹா ஸ்டூடன்ட் ஆல்டோ, பழசு என்றாலும் நல்ல ஜாதி. சாக்ஸபோன் சூடு ஏற ஏற சுருதி ஏறும், அது இயற்கை. ஏ.சி. மண்டபத்தில் குளிர்ந்த வாத்தியத்தை எடுத்த எடுப்பில் தம்புராவோடு சேர்த்துவிட்டு உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் மேலே போய் நிற்கும். வேலூர் வெயிலில் சித்திரை மாசப் பந்தலில் கேட்கவே வேண்டாம். பத்து நிமிஷம் ஊதி சூடாக்கிய பிறகு சுருதி சேருங்கள். சேர்ந்த இடத்தில், மவுத்பீஸ் (வாயில் வைக்கும் முனை) மாட்டும் வளைந்த குழாயான நெக்கின் கார்க் மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள். நடுவில் ஏறினால் மவுத்பீஸை அந்தக் கோட்டிலிருந்து ஒரு மில்லிமீட்டர், ரெண்டு மில்லிமீட்டர் வெளியே இழுத்தால் போதும்.

ஆனால் உங்கள் விஷயத்தில் இன்னொன்று இருக்கிறது என்று படுகிறது. நாதஸ்வரத்திலிருந்து வருகிறவர்களுக்கு சீவாளியைப் (நாதஸ்வரத்தின் நாணல் ஊதுமுனை) பிடித்த உதடு சட்டென்று மாறாது. அதே அழுத்தத்தை சாக்ஸபோனின் ஒற்றை ரீட் (மவுத்பீஸில் அதிரும் நாணல் தகடு) மேல் போட்டால் கீழுதடு பல்லில் பட்டுக் கன்றும், நாதம் மெலியும், களைப்பு ஏற ஏற இன்னும் கடிப்பீர்கள், சுருதி இன்னும் ஏறும். வீட்டிலேயே சோதிக்கலாம். ஆல்டோ மவுத்பீஸை மட்டும் தனியாக எடுத்து ஊதுங்கள். மொபைல் ட்யூனரில் ‘ஏ’, அதாவது ஆறு கட்டை சட்ஜம் வர வேண்டும் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் நம் அளவு). ஏழு கட்டைக்குப் போனால் கடிக்கிறீர்கள். பிறகு நெக்கையும் மாட்டி ஊதுங்கள். அது ‘ஏ ஃப்ளாட்’, ஐந்தரை கட்டை. தினமும் தம்புரா ஆப்பை ஐந்தரையில் வைத்து, மவுத்பீஸும் நெக்கும் மட்டும் ஐந்து நிமிஷம் அசையாமல் ஊதிப் பழகினால் ரெண்டு மாதத்தில் உதடு வழிக்கு வரும்.

மூன்றாம் நம்பர் ரீட் போடுகிறேன் என்று கொஞ்சம் பெருமையாகவே எழுதியிருக்கிறீர்கள். கனமான ரீட் போட்டால் பெரிய வித்வான் என்று அர்த்தமில்லை. நமக்குக் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வளைப்பது, வேண்டும். சாக்ஸபோனில் துளையைப் பாதி மூட முடியாது, கீ திறக்கும் அல்லது மூடும். வளைவு முழுக்க தாடையிலும் மூச்சிலும்தான். இரண்டு அல்லது இரண்டரைக்கு இறங்கிப் பாருங்கள். நாலு ரீடுக்கு எண் போட்டு நாளுக்கு ஒன்றாக மாற்றி வாசித்தால் ஒரே நாளில் எல்லாம் செத்துப்போகாது.

அடி ‘சி’யும் ‘பி ஃப்ளாட்’டும் மக்கர் செய்கிறதா? அப்படியானால் மேலே ஏதோ ஒரு பேட் (துளையை மூடும் மெத்தை) சரியாக மூடவில்லை, காற்று கசிகிறது. இருட்டறையில் குழாய்க்குள் ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கை இறக்கி கீயை மூடினால் வெளிச்சம் ஒழுகும் இடம் தெரியும். சென்னையில் நல்ல ரிப்பேர்காரரிடம் கொடுத்து பேட் மொத்தமும் மாற்றினால்கூட புது வாத்தியத்தின் விலையில் சிறு பங்குதான் ஆகும்.

அடுத்தது சட்ஜம். நாதஸ்வரப் பழக்கத்தில் எல்லாவற்றையும் ‘சி’ விரலில், அதாவது ‘சி’ ஸ்வரத்துக்கான விரல் நிலையில், சட்ஜம் வைத்து வாசிப்பதாகச் சொல்கிறீர்கள். ஆல்டோவில் அது இரண்டரை கட்டை, தாத்தா வாசித்த பாரி என்ற நீள நாதஸ்வரத்துக்குப் பக்கம். ஜோடியாக வாசிக்க அது சரி. தனிக் கச்சேரிக்குச் சங்கடம். நடு ‘சி’க்கு ஒரு விரல். அடுத்த ‘டி’க்கு ஆறு விரலும் ஆக்டேவ் கீயும். சட்ஜத்திலிருந்து சதுஸ்ருதி ரிஷபத்துக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பள்ளத்தைத் தாண்டுகிறீர்கள். உங்கள் மோகனத்தில் ‘ஸரி’ திக்குவதற்கு அதுதான் காரணம், திறமைக் குறைவில்லை. ‘ஜி’ விரலில் சட்ஜம் வைத்தால் ஆறரை கட்டை. பள்ளம் மத்தியமத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவே விழும். பஞ்சமத்துக்குக் கமகம் இல்லை, அதனால் தாண்டுவது வெளியே தெரியாது. ‘எஃப்’ விரலில் வைத்தால் ஐந்தரை. வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் அது சௌகரியம், ஆனால் தோடி காந்தாரம் இடது சுண்டுவிரல் கீயில் போய் உட்காரும். ஈரம் பட்டால் முதலில் ஒட்டிக்கொள்ளும் பேடும் அதுதான். இரண்டிலும் ஒரு மாதம் சரளி, ஜண்டை வரிசை வாசித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கணக்கு

2,40,000 கடனை 14 சதவீத வட்டியில் மூன்று வருஷத்துக்குப் போட்டால் மாதத் தவணை சுமார் 8,200. உங்கள் 30 கல்யாணத்து வருமானம் 1,05,000, மாதத்துக்குப் பிரித்தால் 8,750. அதாவது வருஷம் முழுக்க ஊதி வருவதை அப்படியே தவணைக்குக் கட்டுவீர்கள். அதுவும் மாதாமாதம் வராது. ஆடி, புரட்டாசி, மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, வங்கிக்கு அது தெரியாது. மூன்று வருஷத்தில் வட்டி மட்டும் 55,000 ஆகிறது. அந்தப் பணத்தில் பேட் மாற்றி, மாதம் இருமுறை ஒரு நல்ல வாய்ப்பாட்டு வித்வானிடமோ நாதஸ்வர வித்வானிடமோ போய்ப் படிக்கலாம்.

வேலையில் இன்னொரு பயனும் இருக்கிறது, நீங்கள் அதைக் குறிப்பிடவில்லை. மாதச் சம்பளம் 21,000-க்குள் இருப்பவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. உங்களைச் சார்ந்திருக்கும் அப்பா, அம்மா வைத்தியமும் அதில் வரும். விட்ட பிறகுதான் அதன் அருமை தெரியும்.

வேலையை விடும் நாளுக்கு என் அளவுகோல் இது. முகூர்த்தமில்லாத மூன்று மாதத்திலும், வகுப்புக் கட்டணம் மட்டுமே உங்கள் சம்பளத்தில் பாதிக்கு மேல் வர வேண்டும். கடன் ஒன்றும் இருக்கக் கூடாது. ஆறு மாதச் செலவு வங்கியில் கிடக்க வேண்டும். இதற்கு ஒரு நோட்டுப் போட்டு ஒவ்வொரு கல்யாணத்தையும் எழுதுங்கள்: பேசியது எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு, வண்டிச் செலவு எவ்வளவு. 3,500 என்று நீங்கள் எழுதியது பேசிய தொகையா, கைக்கு வந்ததா என்பதே எனக்குச் சந்தேகம். மேளக் காண்டிராக்டர் மூலம் போகும்போது தேதி, நேரம், தொகை, முன்பணம் நாலையும் ஒரு வாட்ஸ்அப் செய்தியில் போட்டு ‘சரி’ என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். பாக்கி இழுத்தடிக்கும்போது அது கை கொடுக்கும்.

வகுப்பு தொடங்கினால்

குடியாத்தத்தில் சாக்ஸபோன் கற்க வருகிறவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் ஆள் கிடைக்கும், கல்லூரி மாணவர்களும் வருவார்கள். ஆனால் அவர்கள் மே மாதம் ஊருக்குப் போய்விடுவார்கள், கட்டணமும் நின்றுவிடும். எல்லாரும் செய்யும் தப்பு, வகுப்பை சனி மாலை, ஞாயிறு காலை என்று வைப்பது. ரிசப்ஷன் சனி மாலைதான், முகூர்த்தம் ஞாயிறு காலைதான். நாலு வாரத்தில் ரெண்டு வாரம் வகுப்பு இல்லையென்றால் பெற்றோர் மூன்றாம் மாதம் நிறுத்திவிடுவார்கள். செவ்வாய், வியாழன் மாலை வையுங்கள். கட்டணம் மாதக் கணக்கில், முதல் வாரத்திலேயே. நீங்கள் தவறவிட்ட வகுப்பை அதே மாதத்தில் ஈடு செய்வது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பத்து வயதுக்கு முன் பிள்ளைகளைச் சேர்க்காதீர்கள். ஆல்டோ ரெண்டரை கிலோ இருக்கும், முன்பல்லும் முழுசாக முளைத்திருக்க வேண்டும். பல்லுக்குக் கம்பி போட்ட பிள்ளை என்றால் முதலில் பல் டாக்டரைக் கேட்கச் சொல்லுங்கள். வாத்தியத்தைப் பகிர்ந்துகொள்ளலாம், மவுத்பீஸும் ரீடும் ஆளுக்கு ஒன்று. வாத்தியம் வாங்க வசதியில்லாதவர்களிடம் மலிவு பேண்டு வாத்தியத்தைத் தலையில் கட்டாதீர்கள். கீ ஒழுங்காக மூடாத வாத்தியத்தில் கற்கும் குழந்தை தனக்குத்தான் வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும். உங்கள் பழைய ஆல்டோவைச் சரிசெய்து வாடகைக்கு விடும் நாள் வந்தால், அன்றைக்கு உங்களுக்குப் புதிது வாங்குங்கள்.

வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடமும் பக்கத்து வீட்டிலும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். சாக்ஸபோன் சத்தம் ரெண்டு சுவரைத் தாண்டும்.

கச்சேரிப் பக்கம்

மார்கழியில் கல்யாணம் இல்லை, சென்னையில் சீசன். இது உங்களுக்குச் சாதகம். இளைஞர்களுக்கான மதிய நேரக் கச்சேரிகளில் சம்பாவனை பெயரளவுக்குத்தான் இருக்கும், பக்கவாத்தியக்காரர் செலவு கையிலிருந்தே போகலாம். அதற்குத் தயாராக இருந்தால் போங்கள். அதற்கு முன் கிருதிகள் முப்பதாவது ஆகட்டும். கல்யாணி, சங்கராபரணம், காம்போஜி, பைரவி, தோடி ஐந்திலும் ஆலாபனை, கல்பனாஸ்வரம் வேண்டும். சாக்ஸபோனில் சாகித்யம் கேட்காது, அதனால் எல்லாரும் அறிந்த கிருதியாகப் பார்த்து எடுங்கள். பிறகு அகில இந்திய வானொலியின் தரத் தேர்வான ஆடிஷன். ‘பி’ கிரேடு கிடைத்தாலே கோயில் உற்சவக் கமிட்டி பேசும் தொனி மாறும். குடியாத்தம் கங்கையம்மன் சிரசு, வள்ளிமலை, இரத்தினகிரி ஆடிக் கிருத்திகை என்று உங்களைச் சுற்றி மேடைகள் இருக்கின்றன. தாத்தா, அப்பா பெயர் சொன்னால் கேட்டுக்கொள்ளும் ஊர்கள் அவை. அப்பாவின் தவிலோடே முதல் கச்சேரியை வையுங்களேன்.

கட்டைவிரல் வலியைத் தள்ளிப்போடாதீர்கள். கழுத்து ஸ்ட்ராப்பை மவுத்பீஸ் தானாக வாய்க்கு வரும் அளவுக்குச் சுருக்குங்கள், வாத்தியத்தைக் கட்டைவிரல் தூக்கக் கூடாது. இரண்டு தோளிலும் மாட்டும் ஹார்னஸ் வாங்கினால் இன்னும் நல்லது. மூன்று வாரத்தில் குறையாவிட்டாலோ, மரத்துப்போனாலோ வேலூர் சி.எம்.சி. மாதிரி இடத்தில் கைக்கான சிறப்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

தம்பிக்கு 17 என்றீர்கள். விமானப்படையின் அக்னிவீர் இசைக்கலைஞர் தேர்வில் சாக்ஸபோன் ஏற்கப்பட்ட வாத்தியம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, திருமணமாகாதவர், வயது 21-ஐ ஒட்டி மூடிவிடும். சுருதி சேர்ப்பதையும், ஸ்டாஃப் நொட்டேஷனோ ஸ்வரக் குறிப்போ பார்த்து வாசிப்பதையும் சோதிப்பார்கள். பணி நாலு வருஷம்தான், அதன் பிறகு தொடர்வது ஒரு பங்கினருக்கு மட்டும். அதைத் தெரிந்துகொண்டே அனுப்புங்கள். ஓட்டத்தையும் நொட்டேஷனையும் இப்போதே ஆரம்பிக்கச் சொல்லுங்கள். நொட்டேஷனை நீங்களும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து படித்துவிடலாம்.